‘பெரிதாகப் பார்க்க’: ஒரு பாதுகாப்புக் குறைபாட்டு அறிக்கையை எதிர்கொண்ட விதம்

கோத்தகிரி வட்டாரத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு கலந்துரையாடல் மன்றம் நடத்துகிறார்கள். பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் தேயிலை வாரியம் அறிவித்த விலை என்ன, தொழிற்சாலையில் உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு, மழையில் பறித்த கொளுந்துக்கு ஈரம் என்று எத்தனை கிலோ கழித்தார்கள், கொப்புள நோய்க்கு எதைத் தெளிப்பது, லாரி ஏன் வரவில்லை என்பவைதான் அங்கே பேச்சு. மன்றத்தின் அடித்தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை எவரும் பார்க்கவும் எடுத்துப் பயன்படுத்தவும் கூடியது. நோய் கண்ட இலைகளைப் படம் எடுத்து ஏற்றுவதற்காக, அதனுடன் இணையும் ஒரு நீட்சியை எங்கள் சிறு குழு எழுதிப் பராமரித்து வருகிறது. அதுவும் திறந்த மூலமே. மலைக்குக் கீழேயும் சில விவசாயச் சங்கங்கள் அதை எடுத்துத் தங்கள் தளங்களில் நிறுவியிருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரத்தில், அந்த நீட்சியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக நீலகிரியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி எங்களுக்கு எழுதினார். அந்தக் கடிதம் வந்ததிலிருந்து நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நிரலில் நாங்கள் மாற்றிய வரிகள் சொற்பம். அனுபவமுள்ள எவரும் ஒரு மாலைக்குள் எழுதிவிடக்கூடியவை. அந்த வரிகள் சரியான வரிகளாக அமைந்ததற்கு அந்த மாணவியே காரணம். அவரை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

கடிதம்

மின்னஞ்சல் தமிழில் இருந்தது. எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பை ஏற்ற வேண்டும், பிறகு என்ன நடக்கும் என்று ஒழுங்காக எழுதியிருந்தார். சோதனைக் கோப்பையும் இணைத்திருந்தார். கடைசியில் ஒரு பத்தி: ‘உங்கள் மன்றத்தில் நான் எதையும் முயன்று பார்க்கவில்லை. நீட்சியை இறக்கி என் மடிக்கணினியில் நிறுவித்தான் சோதித்தேன். இதனால் எனக்கு ஏதும் பிரச்சினை வருமா, சார்?’

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினி அமைப்புக்குள் நுழைவதை இழப்பீட்டுக்குரிய செயலாகச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால், 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்துடன் ஓட்டையைத் தேடியவர் என்பதற்காக அந்தப் பிரிவுகளில் தனியாக ஒரு விலக்கு எழுதப்படவில்லை. கண்டுபிடித்ததைச் சொல்லப் போய்த் தானே மாட்டிக்கொள்வோமோ என்று ஒரு மாணவர் அஞ்சுவது முழுக்க நியாயம். திறந்த மூலத்தின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. நிரல் எல்லார் கையிலும் இருப்பதால், பிறருடைய சர்வரைத் தொடாமலே சொந்தக் கணினியில் சோதித்துவிடலாம். அவர் செய்தது அதுதான்.

நீட்சியின் நிரலை வைத்திருக்கும் எங்கள் இணையக் களஞ்சியத்தில் பாதுகாப்புக் குறித்த ஒரு கோப்பு முன்பே இருந்தது. குறையைப் பொதுவில் எழுதாமல் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், சொந்த நிறுவலில் சோதிப்பவர் மீது எந்தப் புகாரும் கொடுக்க மாட்டோம், பதில் எவ்வளவு விரைவில் வரும் என்று மூன்றே செய்திகள் அதில் உண்டு. அந்த முகவரிக்கு வருவது கோத்தகிரியில் ஒருவருக்கும் கோவையில் ஒருவருக்கும் சேர்ந்து போகும். மழைக்காலத்தில் கற்பூர மரமோ சவுக்கு மரமோ சாய்ந்து கம்பி அறுந்தால் இங்கே மின்சாரமும் இணையமும் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு ஊர்.

அன்று மாலையே பதில் போனது. கிடைத்தது, இன்னார் பார்க்கிறார், நாளை மறுபடியும் எழுதுவோம், உங்கள் மீது எந்த நடவடிக்கையும் இருக்காது. நான்கு வாக்கியங்கள். சிக்கலைச் சரிபார்த்த பிறகு பதில் எழுதலாம் என்று பல குழுக்கள் காத்திருக்கின்றன. அந்த மௌனத்தில்தான் அறிக்கை அனுப்பியவர் பொறுமை இழந்து எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடுகிறார். பெறப்பட்டது என்று சொல்வதற்கு எதையும் சரிபார்க்கத் தேவையில்லை.

‘இங்கே எதுவும் நடக்கவில்லையே’

மறுநாள் குன்னூரில் இருக்கும் எங்கள் குழு நண்பர் அந்தக் கோப்பைச் சோதனைத் தளத்தில் ஏற்றினார். அது எஸ்விஜி வகைப் படம். பதிவில் படம் அழகாகத் தெரிந்தது. வேறு எதுவும் நிகழவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தார், உலாவியை மாற்றினார், அப்போதும் ஒன்றும் இல்லை. ‘மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை’ என்று குறித்து அறிக்கையை முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அதற்கு முன் மாணவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அவருடைய பதில் ஒரே வரி: ‘படத்தின் கீழே ‘பெரிதாகப் பார்க்க’ என்று இருக்கிறது அல்லவா, அதை அழுத்துங்கள், அண்ணா.’

அழுத்தியதும் சோதனை எச்சரிக்கைப் பெட்டி திரையில் வந்து நின்றது.

விஷயம் இதுதான். ஜேபெக், பிஎன்ஜி போன்றவை வெறும் புள்ளிகளின் தொகுப்பு. எஸ்விஜி அப்படிப்பட்டதல்ல, கோடுகளையும் வண்ணங்களையும் சொல்லும் ஓர் உரைக்கோப்பு அது. அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் எழுதி வைக்கலாம். ஒரு பக்கத்துக்குள் படமாக மட்டும் காட்டப்படும்போது உலாவி அந்த நிரலை இயக்காது. அதே கோப்பு தனி முகவரியில் நேரடியாகத் திறக்கப்பட்டால் உலாவி அதை ஓர் ஆவணமாகக் கருதி, உள்ளே இருக்கும் நிரலை இயக்கிவிடும். ‘பெரிதாகப் பார்க்க’ செய்தது அந்த நேரடித் திறப்பைத்தான். படம் மன்றத்தின் முகவரியிலேயே இருந்ததால், அந்த நிரலுக்கு மன்றத்தின் சொந்த நிரலுக்குரிய அதிகாரம் அத்தனையும் கிடைத்தது. ஏற்றப்படும் கோப்பு படமா என்று பார்த்த இடத்தில், உலாவி அனுப்பும் வகைப்பெயர் ‘இமேஜ்’ என்று தொடங்குகிறதா என்று மட்டுமே நீட்சி பார்த்தது. எஸ்விஜியின் வகைப்பெயரும் அப்படித்தான் தொடங்குகிறது.

உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் குக்கீயை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி அடையாளமிட்டிருக்கிறோமே, பிறகென்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார். குக்கீயைத் திருடத் தேவையே இல்லை. மன்றத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் அந்தப் படத்தைத் திறக்கும் கணத்தில், அந்த நிரல் அவருடைய உலாவிக்குள் இருந்துகொண்டே அவர் பெயரில் எந்தப் பக்கத்தையும் கேட்டுப் பெறலாம், எந்தப் படிவத்தையும் நிரப்பி அனுப்பலாம். மன்றத்தில் தனிச்செய்திகள் உண்டு. எந்தத் தொழிற்சாலையில் எடையில் கைவைக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்றெல்லாம் விவசாயிகள் அவற்றில் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்த்து எழுதுகிறார்கள். பறித்த கொளுந்தை அன்றே கொடுத்தாக வேண்டிய தொழில் இது. அரை ஏக்கர் வைத்திருப்பவரிடம், ‘நாளை முதல் உன் இலை வேண்டாம்’ என்று தொழிற்சாலைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். குறைபாட்டின் தீவிரத்தைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் கணக்குமுறை இருக்கிறது. எங்கள் குறைபாட்டுக்கு நடுத்தர எண்தான் வந்தது. நான் அந்த எண்ணைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யவில்லை. தனிச்செய்திப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்தேன்.

திருத்தமும் அதன் ஓட்டையும்

எஸ்விஜிக்குள் இருக்கும் நிரலை மட்டும் வடிகட்டி எடுக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகள் உண்டு. அந்த வழிக்கு நாங்கள் போகவில்லை. தோட்டத்தில் நின்று கைபேசியில் இலையைப் படம் எடுப்பவருக்கு எஸ்விஜி எதற்கு? ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி மூன்றை மட்டும் அனுமதித்தோம். வகைப்பெயரை நம்பாமல் சர்வரே படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து, புதிதாக ஒரு கோப்பாக எழுதும்படி மாற்றினோம். படம் என்ற போர்வையில் வேறு எது வந்தாலும் அந்தப் படியைத் தாண்டாது.

இதில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. கைபேசிப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பும் அழிந்துபோகிறது. தோட்டம் எங்கே என்று வெளியே தெரியாது. ஒரு தொல்லையும் சேர்ந்து வந்தது. படத்தை எந்தப் பக்கம் நிமிர்த்த வேண்டும் என்ற குறிப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சோதனைத் தளத்தைப் பார்த்த ஒரு பெரியவர், ‘தம்பி, என் செடியெல்லாம் படுத்துக் கிடக்கிறதே’ என்றார். குறிப்பைப் படித்துப் படத்தைத் திருப்பிவிட்டு, அதன் பிறகு எழுத வேண்டும். நினைவகத்தையும் கவனிக்க வேண்டும். 1.2 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரு கைபேசிப் படம், புள்ளிக்கு நான்கு பைட் என்று விரிந்தால் 48 மெகாபைட் பிடிக்கும். பிஎச்பியின் இயல்பான வரம்பு 128 மெகாபைட். அதனால் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தோம். இல்லையென்றால் ஓட்டையை அடைத்த கையோடு, சர்வரைத் திணறடிக்க ஒரு புது வழியைத் திறந்துவிட்டதாக ஆகும்.

திருத்தம் தயாரானதும் வெளியிடும் முன் அதை மாணவிக்கு அனுப்பினோம். குழுவில் இதற்குத் தயக்கம் இருந்தது. வெளியாகாத நிரலை வெளியாளுக்குக் காட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. ஓட்டையே அவருக்குத் தெரியும். அடைப்பை மறைத்து என்ன பயன்?

அவர் பார்த்துவிட்டு எழுதினார்: ஏற்றும் வழி சரியாகிவிட்டது, ஆனால் இணைப்பைக் கொடுத்தால் சர்வரே போய்ப் படத்தைக் கொண்டுவரும் வசதி ஒன்று இருக்கிறதே, அந்த வழியில் எஸ்விஜி இன்னமும் உள்ளே வருகிறது. உண்மை. அந்தப் பாதை தனி நிரலாக இருந்தது. புதிய சோதனை அதைத் தொடவே இல்லை. அதைத் துருவியபோது இன்னொன்றும் தெரிந்தது: எந்த முகவரியைக் கொடுத்தாலும் சர்வர் போய்க் கேட்கும் என்றால், வெளியிலிருந்து எட்டாத உள் முகவரிகளையும் கேட்கச் செய்யலாம். அந்த வசதியை மன்றத்தில் எவரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒட்டுப்போடாமல் முழுவதுமாக எடுத்துவிட்டோம். தேவையற்ற வசதியை நீக்குவதைப் போன்ற உறுதியான திருத்தம் வேறில்லை.

முதல் திருத்தம் பாதி அடைப்பாகவே இருப்பது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. விபுல்லட்டின் என்ற கட்டண மன்ற மென்பொருளில், உள்நுழையாமலே சர்வரில் கட்டளை இயக்க விடும் ஓட்டை ஒன்று செப்டம்பர் 2019-இல் யாரோ ஒருவரால் பெயரின்றி வெளியிடப்பட்டது. சில நாளில் திருத்தம் வந்தது. ஆகஸ்ட் 2020-இல் ஓர் ஆய்வாளர் அந்தத் திருத்தத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைக் காட்டினார். பல மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற நிரல் தொகுப்பில் கண்ட ஓட்டைக்கு டிசம்பர் 2021-இல் 2.15.0 பதிப்பு வந்தது. அது போதாமல் சில நாளில் 2.16.0, அடுத்து 2.17.0. குறையைக் கண்டவரின் கண் இன்னும் கூர்மையாக அதே இடத்தில் நிற்கும்போதே அவரிடம் திருத்தத்தைக் காட்டிவிடுவது நல்லது. நாங்கள் அப்படிச் செய்திராவிட்டால் இரண்டாவது வழியை வேறு யாரோ கண்டிருப்பார்கள்.

வெளியிடும் நாள்

திறந்த மூலத்தில் திருத்தத்தை வெளியிடுவதும் ஓட்டையை அறிவிப்பதும் ஒரே செயல். பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே வைத்து மாறிய வரிகளைப் பார்த்தால், எங்கே தவறு இருந்தது என்று திறமையான ஒருவருக்கு நிமிடங்களில் விளங்கிவிடும். அந்த நொடியிலிருந்து, மேம்படுத்தாத ஒவ்வொரு தளமும் முன்பைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு டிசம்பர் 2004-ஐப் பார்க்கலாம். பிஎச்பி-பிபி மன்ற மென்பொருளில் தேடிய சொல்லை நிறமிட்டுக் காட்டும் பகுதியில் இருந்த ஓட்டைக்கு, நவம்பரிலேயே 2.0.11 பதிப்பில் திருத்தம் வந்துவிட்டது. பல தளங்கள் அதை நிறுவவில்லை. சாண்டி என்ற, தானே பரவும் புழு நிரல் கூகுளில் தேடியே அப்படிப்பட்ட தளங்களைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான தளங்களின் பக்கங்களை அழித்தது. அந்தத் தேடல்களை கூகுள் தடுத்த பிறகே பரவல் அடங்கியது. திருத்தம் இல்லாததால் விழுந்த தளங்கள் அல்ல அவை. திருத்தம் வந்து சேராததால் விழுந்தவை.

எங்கள் நீட்சியை யார் யார் நிறுவியிருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்களிடம் இல்லை. திறந்த மூலத்தில் அது இயல்பு. இறக்கிக்கொள்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. முன்பு எங்களிடம் ஐயம் கேட்டு எழுதியவர்களின் முகவரிகளைத் திரட்டினோம். ‘செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வருகிறது, அன்று சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கையருகே இருக்கட்டும்’ என்று மட்டும் முன்கூட்டித் தெரிவித்தோம். எந்தப் பகுதி என்று சொல்லவில்லை. வெள்ளி மாலையில் வெளியிட்டால் சனி ஞாயிறு முழுக்கத் தளங்கள் திறந்து கிடக்கும். வாரத் தொடக்கத்தில் காலை நேரமே சரி. வெளியீட்டுப் பொத்தானைக் கோவை நண்பர் கையில் கொடுத்தோம். அன்று கோத்தகிரியில் மழை கடுமையாக இருந்தது, மின்சாரம் வந்து வந்து போயிற்று.

அறிவிப்பைத் தமிழில் முதலிலும் ஆங்கிலத்தில் பின்னும் எழுதினோம். எந்தப் பதிப்புகள் பாதிக்கப்பட்டவை, என்ன நேரலாம், என்ன செய்ய வேண்டும், உடனே மேம்படுத்த முடியாதவர் இடைக்காலத்துக்கு என்ன செய்யலாம் என்ற வரிசையில் அமைத்தோம். கடைசி வகையினரைப் பல அறிவிப்புகள் மறந்துவிடுகின்றன. அக்டோபர் 2021-இல் டிஸ்கோர்ஸ் மன்ற மென்பொருளில் கடுமையான ஓட்டை ஒன்று வெளியானபோது, 2.7.9 பதிப்புடன், குறிப்பிட்ட ஒரே ஒரு முகவரிப் பாதையை, கோரிக்கைகளை முதலில் வாங்கும் முன்னிலைச் சர்வரில் அடைத்தால் போதும் என்ற மாற்று வழியையும் அவர்கள் சொன்னார்கள். அதைப் பின்பற்றி நாங்களும், எஸ்விஜி கோப்புகளை வெளியே தராதபடி சர்வர் அமைப்பில் சேர்க்க வேண்டிய வரியை அறிவிப்பிலேயே கொடுத்தோம். பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு உலக அளவில் தரப்படும் அடையாளமான சிவிஇ எண்ணை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் வழியாகக் கேட்டுப் பெற்றோம். அதில் சிரமம் இல்லை.

யாராவது முன்பே நுழைந்தார்களா?

எனக்கு மிகக் கவலை தந்த கேள்வி இதுவே. சர்வர் பதிவேட்டில் எஸ்விஜி கோப்புகளை நேரடியாகக் கேட்டவர்களைத் தேடினோம். வட்டிலும் பழைய காப்புப் பிரதிகளிலும் இருந்த ஒவ்வொரு எஸ்விஜியையும் திறந்து, உள்ளே நிரல் இருக்கிறதா என்று படித்தோம். கிடைத்தவை திருமண அழைப்பிதழின் பூவேலை, ஒரு சங்கத்தின் சின்னம் போன்றவை. எதிலும் நிரல் இல்லை.

ஆனால் எங்கள் சர்வரின் இயங்குதளமான டெபியன் லினக்ஸின் இயல்பான அமைப்பில் இணையச் சர்வரின் பதிவேடு 14 நாள்தான் நிற்கும். அதற்கு முந்தையது அழிந்துபோயிருந்தது. அதனால் அறிவிப்பில் ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று எழுத மறுத்தேன். ‘எங்களிடம் உள்ள பதிவேடுகளிலும் காப்புப் பிரதிகளிலும் அறிகுறி இல்லை’ என்றே எழுதினோம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை வாசிப்பவர் அறிய உரிமை உண்டு. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், ஏப்ரல் 2022-இல் வெளியிட்ட உத்தரவில், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், ஊடுருவல் போன்ற சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் நிறுவனங்களுக்கும் சேவை அளிப்போருக்கும் விதித்திருக்கிறது. அந்த 180 நாள் என்ற அளவை நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

உறுப்பினர் எல்லாரையும் வெளியேற்றிக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதா என்ற விவாதமும் வந்தது. கடவுச்சொற்கள் கசிந்ததற்கு அறிகுறி இல்லை. இந்த ஓட்டையின் வழி அவற்றை நேரடியாகப் படிக்கவும் முடியாது. பேரன் அமைத்துக் கொடுத்த கணக்கில் விலை பார்க்கும் முதியவர் ஒருமுறை வெளியேற்றப்பட்டால் பிறகு திரும்பி வரவே மாட்டார். மட்டுறுத்துநர்களை மட்டும் வெளியேற்றி, அவர்களுடைய கடவுச்சொற்களை மாற்றினோம். அதிகாரம் தேவைப்படும் ஒவ்வொரு செயலுக்கும் முன்பு கடவுச்சொல்லை மீண்டும் கேட்கும்படி செய்தோம்.

மாணவியின் பெயரை அறிவிப்பில் சேர்ப்பது பற்றி அவரிடமே கேட்டோம். முதலில் வேண்டாம் என்றார். வீட்டில் பயப்படுகிறார்கள் என்றார். அவர் தேர்ந்த புனைபெயரில் நன்றி வெளியானது. பரிசுப் பணம் தர எங்களிடம் நிதி இல்லை. அவர் எதைக் கண்டார், எப்படிப் பொறுப்பாக நடந்துகொண்டார் என்று விவரித்து, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டக்கூடிய கடிதம் ஒன்றைக் குழுவின் பெயரில் எழுதிக் கொடுத்தோம். பிறகு அவரே கேட்டதால், நீட்சியின் அடுத்த பதிப்புக்கான நிரல் சரிபார்ப்பில் இப்போது அவரும் ஒருவர்.

ஏற்றப்படும் படங்களை மன்றத்தின் முகவரியிலிருந்து பிரித்து வேறொரு முகவரிக்குக் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது முடிந்தால், என்றாவது ஒரு தீய கோப்பு தப்பி உள்ளே வந்தாலும் மன்றத்தின் அதிகாரம் அதற்குக் கிடைக்காது. எங்களுக்குத் தெரிந்த தளங்களில் ஒன்று மட்டும் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறது. அவர்களின் சர்வரில் உள்ள பிஎச்பி மிகப் பழையது; புதிய பதிப்பு அதில் ஓடாது. அந்தச் சங்கத்தின் செயலாளரிடம் தொலைபேசியில் பேசி, எஸ்விஜியைத் தடுக்கும் வரியைச் சேர்க்க வைத்தோம். சர்வரை மாற்றுவதற்கான செலவை அடுத்த பொதுக்குழுவில் வைப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.